ட்சர்னா திராவா: 13,614 பேரிலிருந்து 1,063 பேருக்கு

பால்கன் நாடுகளில் ஆட்கள் அருகிப்போன கிராமப்புற நகராட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றையும் மக்கள்தொகை மாற்றத்தையும் விளக்க முடியுமா, அங்கே ஊர்கள் காலியானதற்குப் போர்கள்தாம் காரணமா, இவ்வளவு குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு அது எப்படித் தனி நகராட்சியாக நீடிக்கிறது என்பவை கேள்விகள். இவற்றுக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு தென்கிழக்குச் செர்பியாவில், பல்கேரிய எல்லையை ஒட்டிய மலைகளில் உள்ள ட்சர்னா திராவா. மக்கள்தொகையில் செர்பியாவின் மிகச் சிறிய நகராட்சி அதுதான். 1948 கணக்கெடுப்பில் அங்கே 13,614 பேர் இருந்தனர். 2022 கணக்கெடுப்பில் 1,063 பேர். போர்களுக்கு இதில் பங்கு உண்டென்றாலும் முதன்மைக் காரணம் அவை அல்ல. பல தலைமுறைகளாக ஆண்டுதோறும் வெளியூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சமூகம், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திரும்புவதை நிறுத்திக்கொண்டது. மற்றவை எல்லாம் அதன் பின்விளைவுகளும் துணைக் காரணங்களுமே.

நகராட்சி என்றதும் கடைவீதியும் பேருந்து நிலையமும் உள்ள ஊரை எண்ணிக்கொள்ள வேண்டாம். செர்பியாவில் 'ஒப்ஷ்டினா' எனப்படுவது பல கிராமங்களை உள்ளடக்கிய உள்ளாட்சி அலகு. ட்சர்னா திராவா ஒப்ஷ்டினாவின் பரப்பு ஏறத்தாழ 312 சதுர கிலோமீட்டர். அதற்குள் 25 குடியிருப்புகள் பதிவாகியுள்ளன. தலைமையிடமான ட்சர்னா திராவாவும் அளவில் ஒரு கிராமமே. 2022 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு மூன்று அல்லது நான்கு பேர்தான் வருகிறார்கள். வடமேற்கே விலாசோதின்ட்சே, வடக்கே பாபுஷ்னிட்சா, தெற்கே சுர்துலிட்சா ஆகியவை அண்டை நகராட்சிகள். கிழக்கே எல்லைக்கு அப்பால் பல்கேரியாவின் த்ரன் வட்டாரம். செமெர்னிக், ஓஸ்த்ரோசூப் ஆகிய மலைகளுக்கு இடையே விலாசினா ஆறு வடக்கு நோக்கி ஓடி, பிறகு மேற்கே திரும்பித் தென் மொராவாவில் கலக்கிறது. செமெர்னிக்கின் உச்சி 1,638 மீட்டர். இந்த உயரத்தில் கோதுமை சரியாக விளையாது. ரை என்ற தானியமும் உருளைக்கிழங்கும் பயிராகும், ஆடு மாடு மேயும், காட்டில் அவுரிநெல்லியும் காளானும் கிடைக்கும். ஐந்தாறு பிள்ளைகள் உள்ள குடும்பம் அந்த நிலத்தை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் சாப்பிட முடியாது. இந்த ஊரின் வரலாறு அந்தப் பற்றாக்குறையிலிருந்து தொடங்குகிறது.

ஊர்களின் அமைப்பையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீடுகள் ஒரே இடத்தில் நெருக்கமாக இல்லாமல், சரிவுகளில் ஆங்காங்கே சிறு கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் 'மஹலா' என்று பெயர். பெரும்பாலும் ஒரு மஹலா என்றால் ஒரே வம்சத்தின் பங்காளி வீடுகள். அதனால்தான் இங்கே கிராமங்கள் சீராகத் தேயவில்லை. ஒரு வம்சம் இடம்பெயர்ந்தால் ஒரு மஹலா முழுவதும் ஒரேயடியாக அடைபட்டது.

ஒட்டோமான் துருக்கியரின் ஆட்சியில் இந்த மலைகளில் விவசாயத்தைத் தவிர இன்னொரு பிழைப்பும் இருந்தது. ஓடைகளில் அடித்து வரப்படும் இரும்புத்துகள் கலந்த கரிய மணலை அலசியெடுத்து, கரி மூட்டி உருக்கி, தண்ணீர் விசையில் இயங்கும் பெரிய சம்மட்டிகளால் அடித்து இரும்பு எடுத்தார்கள். அந்தப் பட்டறைகளுக்குச் 'சமோகோவ்' என்று பெயர். உலைகளுக்கான கரிக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகளில் செய்த மலிவான இரும்பு சந்தைக்கு வந்ததும் அத்தொழில் நொடித்தது. மரம் போன சரிவுகளில் மழை மண்ணை அரித்துக்கொண்டு போனது. தொழிலும் போய், நிலமும் இளைத்த நிலையில் ஆண்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

1877–78 ருஷ்ய–துருக்கியப் போரின் முடிவில், பெர்லின் உடன்படிக்கையின் மூலம் நீஷ், பிரோத், வ்ரான்யே ஆகியவற்றோடு இந்தப் பகுதியும் செர்பியாவுக்குக் கிடைத்தது. இதை விடுதலை என்று செர்பிய வரலாறு கொண்டாடுவது நியாயமே. ஆனால் அதே உடன்படிக்கை கிழக்கே ஒரு புதிய எல்லைக்கோட்டையும் கிழித்தது. அதுவரை ஒரே அரசின் கீழிருந்த த்ரன் வட்டாரம் திடீரென அயல்நாடாயிற்று. ஏழாண்டுகளில், 1885-ல், செர்பியாவும் பல்கேரியாவும் போரிட்டுக்கொண்டன. சந்தைக்கும் உறவுக்கும் ஒருகாலத்தில் இரு பக்கமும் திறந்திருந்த மலைநாடு, ஒரு பக்கம் மூடப்பட்ட விளிம்புப் பகுதியாகியது. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள த்ரன் மக்களும் ஊர் ஊராகப் போய்க் கட்டடம் கட்டுவதில் பேர்பெற்றவர்கள் என்பதையும், அவர்களுடைய ஊர்களும் இன்று இதேபோல் காலியாகிக் கிடப்பதையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே நடந்தது எந்த ஓர் அரசின் தனிப்பட்ட குற்றமும் அல்ல என்பது விளங்கும்.

வெளியூர் போய்ச் சம்பாதித்துத் திரும்பும் இந்த வழக்கத்தைப் 'பெச்சால்பா' என்றும், அப்படிப் போகிறவரைப் 'பெச்சால்பார்' என்றும் அழைத்தார்கள். பால்கன் மலைகளில் பல ஊர்களில் இது உண்டு. சில ஊர்கள் ரொட்டி சுடுகிறவர்களை அனுப்பின, சில ஊர்கள் தோட்ட வேலைக்காரர்களை அனுப்பின. ட்சர்னா திராவா அனுப்பியது கொத்தனார்களையும் தச்சர்களையும். பனி உருகும் வசந்தத்தில், ஒரு மேஸ்திரியின் தலைமையில் 'தாய்ஃபா' எனப்படும் கோஷ்டி கிளம்பும். அதில் தேர்ந்த கொத்தனார்கள் சிலர், தொழில் பாதி பழகியவர்கள் சிலர், சாந்து குழைக்கவும் தண்ணீர் சுமக்கவும் சித்தாளாக இரண்டொரு சிறுவர்கள் இருப்பார்கள். சிறுவனுக்கு முதலாண்டில் கூலி என்று பெரிதாக எதுவும் கிடையாது, சோறும் தொழிலும்தான். அவன் சாந்துச்சட்டியை விட்டுக் கரணையைப் பிடிக்கச் சில ஆண்டுகளாகும். சுவர் மூலையைத் தூக்குக்குண்டு விட்டு எழுப்பும் பொறுப்பு இன்னும் தள்ளித்தான் வரும், ஏனெனில் மூலை கோணினால் சுவர் முழுவதும் கோணும். வேலையிடத்திலேயே படுத்து, கொண்டுபோன மாவில் சமைத்து, செலவைச் சுருக்கி, இலையுதிர் காலத்தின் முடிவில், நவம்பரில் வரும் புனித திமீத்ரி திருநாளை ஒட்டி மேஸ்திரி கணக்குத் தீர்த்ததும் எல்லாரும் மலையேறி வீடு திரும்புவார்கள்.

தொடக்கத்தில் இவர்கள் நடந்தே போனார்கள். 1884-ல் பெல்கிரேடு–நீஷ் இருப்புப்பாதை திறக்கப்பட்டது; 1886-ல் அது லெஸ்கோவாட்ஸ் வழியாக வ்ரான்யே வரை நீண்டது. அதன் பிறகு மலையிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கினால் தலைநகரம் எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் அந்தத் தலைநகரமே பின்னாளில் யூகோஸ்லாவியா எனப்பட்ட ஒரு பெரிய நாட்டின் தலைநகரமாக மாறியது. 1921-ல் ஏறத்தாழ 1,12,000 பேர் இருந்த பெல்கிரேடில் 1931-ல் ஏறத்தாழ 2,39,000 பேர். பத்தாண்டில் இரு மடங்கான அந்த நகரத்துக்குச் சுவர் எழுப்பியவர்களில் இந்த மலையூர்க்காரர்கள் முக்கியமானவர்கள். பெல்கிரேடைக் கட்டியவர்கள் நாங்கள்தான் என்று அவர்கள் இன்றும் சொல்வதுண்டு. ஊர்ப் பெருமையில் எப்போதும் கொஞ்சம் மிகை இருக்கும். ஆனால் இது வெறும் மிகையல்ல.

ஆண்கள் எட்டு மாதம் வெளியே இருந்தால் ஊரில் உழுதது யார் என்ற கேள்வி வரும். பெண்கள்தாம். ஏர் ஓட்டியதும், புல் அறுத்துப் போர் போட்டதும், விறகு சுமந்ததும், ஆடு மேய்த்ததும், பிள்ளைகளையும் கிழவர் கிழவிகளையும் பார்த்துக்கொண்டதும் அவர்களே. 'சத்ருகா' எனப்படும் கூட்டுக்குடும்ப முறை அதற்குத் தோள்கொடுத்தது: அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்காமல் ஒரே வீட்டில் இருந்ததால், இருவர் வெளியே போனாலும் ஒருவர் நிலத்தில் நிற்க முடிந்தது. பெச்சால்பாவைப் பற்றி எழுதுகிறவர்கள் மேஸ்திரிகளின் திறமையை விரித்து எழுதிவிட்டுப் பெண்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது சரியான கணக்கல்ல என்பது என் கருத்து. அந்த ஏற்பாட்டில் ஊர், ஊராகவே நிலைத்ததற்குக் காரணம் ஆணின் கூலியைவிட, நிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணின் உழைப்புதான். பின்னாளில் அந்தப் பெண்ணும் கிளம்பியபோதுதான் ஊர் சரிந்தது என்பதே அதற்குச் சான்று.

இனிப் போர்கள். முதல் உலகப் போரில் 1915 முதல் 1918 வரை இப்பகுதி பல்கேரிய ஆக்கிரமிப்பின் கீழ் இருந்தது. அண்டையிலுள்ள சுர்துலிட்சாவில் நடந்த படுகொலைகள் இன்றும் பேசப்படுகின்றன. இரண்டாம் உலகப் போரில் மீண்டும் பல்கேரியப் படையே வந்தது. உயர்ந்த மலை, சிதறிய வீடுகள், குறைந்த சாலைகள் ஆகியவை கெரில்லாப் போருக்கு ஏற்றவையாக இருந்ததால், ட்சர்னா திராவா, ஆக்கிரமிப்பை எதிர்த்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களான யூகோஸ்லாவியப் பார்டிசன்களின் வலுவான தளமாயிற்று. பல்கேரியாவின் பார்டிசன்களும் எல்லை தாண்டி வந்து இங்கே ஒன்றுசேர்ந்தார்கள். அவர்களோடு தொடர்பு வைக்க வந்த பிரிட்டிஷ் தூதுக்குழுவின் தலைவர் மோஸ்டின் டேவிஸ் 1944 மார்ச்சில் இந்த வட்டாரத்தில் கொல்லப்பட்டார். அதே ஆண்டின் தொடக்கத்தில் வான்குடையில் இறங்கி அவருடன் சேர்ந்திருந்த பிராங்க் தாம்சன், பல்கேரியாவுக்குள் போய்ச் சிறைப்பட்டு 1944 ஜூனில் சுட்டுக்கொல்லப்பட்டார், வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சனின் அண்ணன் அவர். பார்டிசன்களுக்கு இடம் கொடுத்ததற்காக ஊர்கள் எரிக்கப்பட்டன, மக்கள் கொல்லப்பட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் 1948 கணக்கெடுப்பில் 13,614 பேர் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு ஆக்கிரமிப்புகளைத் தாங்கிய ஊர், அமைதிக் காலத்தில்தான் காலியானது. 1990களின் யூகோஸ்லாவியப் போர்களைக் காரணமாகச் சொல்வோருக்கும் எண்களே பதில்: 1991-ல், அந்தப் போர்கள் தொடங்கிய நேரத்திலேயே, மக்கள்தொகை 3,789 ஆகிவிட்டது. நூற்றுக்கு 72 பேர் அதற்கு முன்பே குறைந்துவிட்டிருந்தார்கள்.

அந்த அமைதிக் காலத்தில் என்ன நடந்தது? போரில் இடிந்த நாட்டைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. 1948-ல் சாவா ஆற்றின் மறுகரையில் புதிய பெல்கிரேடின் கட்டுமானம் தொடங்கியது. கட்டடத் தொழில் அரசு நிறுவனங்களின் கைக்கு வந்தது. மேஸ்திரியின் தாய்ஃபாவில் பருவக்கூலிக்குப் போனவர், இப்போது நிறுவனத்தில் ஆண்டு முழுவதும் வேலையில் இருக்கும் தொழிலாளியானார். மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், காத்திருந்தால் குடியிருப்பு வீடு என எல்லாம் அவர் நகரத்தில் நிலையாக இருப்பதோடு பிணைக்கப்பட்டிருந்தன. குளிர்காலத்தில் மலையேறித் திரும்புவதற்கு இருந்த காரணமே போய்விட்டது. வீடு கிடைத்ததும் மனைவியும் பிள்ளைகளும் போனார்கள்; பிள்ளைகள் நகரப் பள்ளியில் படித்தார்கள்; வயதான பெற்றோர் மட்டும் மலையில் தங்கினார்கள். பெல்கிரேடு, நீஷ், லெஸ்கோவாட்ஸ், விலாசோதின்ட்சே ஆகியவை இவர்களை ஏற்றுக்கொண்ட முக்கிய இடங்கள்.

மலையில் தங்குவதையும் அரசின் கொள்கைகள் கடினமாக்கின. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் விளைச்சலில் ஒரு பங்கை அரசுக்குக் கட்டாயமாக அளக்க வேண்டியிருந்தது. 1950களில், காட்டை அழிக்கிறது என்ற காரணத்துக்காக வெள்ளாடு வளர்ப்பது தடை செய்யப்பட்டது. மண்ணரிப்பு உண்மையிலேயே கடுமையாக இருந்தது என்றாலும், ஏழைக் குடும்பத்தின் பாலும் பணமும் அந்த ஆடுதான். 1948-ல் யூகோஸ்லாவியா சோவியத் அணியிலிருந்து பிரிந்ததும் பல்கேரிய எல்லை படைகள் காவல் காக்கும் கோடாக இறுகியது, அதனால் எல்லையோரத்தில் முதலீடு செய்ய யாரும் முன்வரவில்லை. ஆலைகள் ஏற்கெனவே நெசவில் பேர்பெற்ற லெஸ்கோவாட்ஸ் போன்ற பள்ளத்தாக்கு நகரங்களில் வளர்ந்தன.

இதில் விலாசினா ஏரியின் கதையைத் தனியாகச் சொல்லத் தோன்றுகிறது. ஆற்றின் தலைப்பகுதியில் 1,200 மீட்டர் உயரத்தில் இருந்த சதுப்பு நிலம், 1940களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட மண் அணையால் பெரிய ஏரியாகியது. ஆற்றின் இயல்பான வழி ட்சர்னா திராவா ஊடாகத்தான். ஆனால் ஏரி நீர் மலையைக் குடைந்து எதிர்ப்பக்கம் சுர்துலிட்சாவுக்கு இறக்கப்பட்டு, அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த நான்கு வ்ர்லா நீர்மின் நிலையங்களை இயக்குகிறது. ஏரியின் பெரும்பகுதியும் சுர்துலிட்சாவின் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆற்றின் பெயர் இந்தப் பக்கம், வேலையும் வருமானமும் அந்தப் பக்கம் என்று ஆயிற்று. ஆற்றிலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்தது 1988 ஜூன் வெள்ளம்; விலாசினா பள்ளத்தாக்கின் சாலைகளையும் பாலங்களையும் அது ஒரே நாளில் வாரிக்கொண்டு போனது.

கணக்கெடுப்பு எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். 1991 வரை வெளிநாட்டில் தற்காலிகமாக வேலை செய்வோரும் சொந்த ஊர்க் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். 2002 முதல், ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருப்போர் சேர்க்கப்படுவதில்லை. எனவே பல செர்பிய நகராட்சிகளில் 1991-க்கும் 2002-க்கும் இடைப்பட்ட சரிவில் ஒரு பகுதி வரையறை மாற்றத்தால் வந்தது. ட்சர்னா திராவாக்காரர்கள் பெரும்பாலும் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் என்பதால் இங்கே அந்தத் திருத்தம் கதையை மாற்றாது. 2002-ல் 2,563, 2011-ல் 1,663, 2022-ல் 1,063. குறையும் ஆட்களின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் சிறிதாகிறது: 1,226, பிறகு 900, பிறகு 600. விழுக்காடோ ஏறுகிறது: 32, 35, 36. முதலில் சொன்ன எண்களை மட்டும் பார்த்துவிட்டுச் சரிவு ஓய்ந்துவருகிறது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. இதே 2022 கணக்கெடுப்பில் கொசோவோ நீங்கலான செர்பியாவின் மக்கள்தொகை 66,47,003. 2011-ல் அது 71,86,862. நாடு இழந்தது நூற்றுக்கு 7 அல்லது 8 பேர், இந்த நகராட்சி இழந்தது 36 பேர்.

சரிவின் தன்மையும் மாறிவிட்டது. 1991 வரை மக்கள் போனதால் எண்ணிக்கை குறைந்தது. இப்போது போவதற்கு இளைஞர்கள் அதிகம் இல்லை, முதியோர் இறப்பதால் குறைகிறது. மக்களின் சராசரி வயது 50-ஐத் தாண்டிவிட்டது. நாட்டிலேயே மிக முதிர்ந்த நகராட்சிகளில் இதுவும் ஒன்று. ஆண்டுப் பிறப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். குழந்தை பெறும் வயதில் பெண்கள் மிகச் சிலரே இருக்கும் இடத்தில், எவ்வளவு உதவித்தொகை கொடுத்தாலும் பிறப்பு எண்ணிக்கையை உயர்த்த முடியாது. பிறப்பு ஊக்கத்தொகை பற்றிய அரசியல் பேச்சுகள் இந்த எளிய கணக்கைத் தவிர்த்துவிடுகின்றன.

நேரில் போகிறவர்கள் எதிர்பார்ப்பது இடிந்த கிராமங்களை. சில மஹலாக்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் நல்ல வீடுகள் நிற்கின்றன. கட்டத் தெரிந்தவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட வீடுகள் அவை: அடித்தளத்தில் செதுக்கிய கல், நேர்கோடாக நிற்கும் மூலைகள், அண்மையில் மாற்றிய ஓட்டுக்கூரை, பூட்டிய கதவு. பெல்கிரேடிலும் நீஷிலும் ஓய்வுபெற்றவர்கள் கோடையில் வந்து சுண்ணாம்பு அடித்து, தோட்டம் போட்டு, குளிர் தொடங்கியதும் இறங்கிவிடுகிறார்கள். ஆகஸ்ட்டில் எண்ணினால் வேறு எண்ணும், ஜனவரியில் எண்ணினால் வேறு எண்ணும் கிடைக்கும். மேய்ச்சல் நின்ற சரிவுகளில் மரம் மீண்டும் ஏறியிருக்கிறது. நட்ட காடுகளும் சேர்ந்து, ஒருகாலத்தில் கொடுமையாக இருந்த மண்ணரிப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. காடு திரும்பியதில் மகிழ்ச்சி அடையலாம்தான், யாருடைய வயல்மேல் அது வளர்ந்திருக்கிறது என்பதை மறக்காமல்.

கட்டடத் தொழிலின் மரபு ஊரில் முற்றிலும் அற்றுப்போகவில்லை. தலைமையிடத்தில் மாணவர் விடுதியோடு கூடிய தொழில்நுட்பப் பள்ளி ஒன்று உள்ளது. அதற்கு மிலென்தியே போபோவிச்சின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1913-ல் இங்கே பிறந்து, 1967 முதல் 1971-ல் இறக்கும் வரை யூகோஸ்லாவியக் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் தலைவராக இருந்தவர் அவர். ஊரிலிருந்து அவ்வளவு உயரத்துக்குப் போன ஒருவர் இருந்த காலத்திலேயே ஊர் வேகமாகக் காலியானது என்பது, அரசியல் செல்வாக்கு இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்ற வாதத்தைப் பலவீனமாக்குகிறது.

கடைசிக் கேள்வி, இது எப்படித் தனி நகராட்சியாக நீடிக்கிறது என்பது. செர்பியாவின் 2007-ஆம் ஆண்டு ஆட்சிப்பரப்புச் சட்டம், ஒரு நகராட்சிக்குக் குறைந்தது 10,000 மக்கள் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதற்கு முன்பே இருந்த சிறு நகராட்சிகளை அது கலைக்கவில்லை. எனவே ட்சர்னா திராவாவுக்கு இன்றும் தனி அவையும் தலைவரும் நிர்வாகமும் உண்டு. அரசின் வளர்ச்சிப் பட்டியலில் இது மிகப் பின்தங்கிய பிரிவில் இடம்பெற்றுள்ளது. சொந்த வரி வருவாயைக் கொண்டு நடத்த முடியாத நிர்வாகத்தை மத்திய அரசின் நிதிதான் தாங்குகிறது. இதை விலாசோதின்ட்சேயோடு இணைத்துவிட்டால் செலவு மிச்சமாகுமே என்ற யோசனை காகிதத்தில் நியாயமாகத் தெரியலாம். ஆனால் நகராட்சி அலுவலகம், மருத்துவ நிலையம், பள்ளி ஆகியவைதாம் அங்கே எஞ்சியிருக்கும் நிலையான சம்பள வேலைகளின் பெரும்பகுதி. அலுவலகத்தைப் பள்ளத்தாக்குக்கு மாற்றினால் அந்தச் சம்பளங்களை நம்பி வாழும் குடும்பங்களும் கூடவே இறங்கிவிடும். அவைதாம் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள். அதனால் இணைப்பால் மிச்சமாகும் தொகையை மட்டும் பார்த்து இதற்கு முடிவு சொல்ல முடியாது.